ஃபெஸிவிக் தொழிலை இழந்தாரா? கைடில் இருப்பதும் கதையில் இருப்பதும்

கேள்வி: மகள் பி.ஏ. ஆங்கில இலக்கியம் படிக்கிறாள். ‘எ கிறிஸ்மஸ் கேரல்’ கதையில் கஞ்சன் ஸ்க்ரூஜின் பள்ளிப் பருவம், வேலை பழகிய காலம் பற்றி 10 மார்க் கேள்வி வருமாம். அவன் பிறந்தபோதே தாய் இறந்ததால் தந்தை வெறுத்தார், முதலாளி ஃபெஸிவிக் பின்னாளில் தொழிலை இழந்தார் என்கிறது கைடு. அப்படியே எழுதலாமா?

பதில்: வேண்டாம். 1843-இல் டிக்கன்ஸ் எழுதிய கதையில் இரண்டுமே கிடையாது. 1951-இல் வந்த படத்தின் சரக்கு. கைடு போடுகிறவர்கள் படத்தையோ, இன்னொரு கைடையோ பார்த்துத்தான் எழுதுகிறார்கள். கேள்வித்தாள் எடுப்பவரும் அதே கைடைப் புரட்டுவதால் தவறு வருடா வருடம் பாஸாகிக்கொண்டே போகிறது.

தாய் விஷயத்தையே பாருங்கள். பள்ளியிலிருந்து அழைத்துப்போக வரும் தங்கை ஃபேன் அவனைவிட ரொம்பச் சின்னவள். அவன் பிறந்தபோதே அம்மா போய்விட்டால் தங்கை எப்படி வந்தாள்? படத்தில் அவளை அக்காவாக்கிவிட்டதால் அங்கே இடிக்கவில்லை. அப்பாவுக்கு இரண்டாம் தாரம் என்று வாதாடலாம்தான். அதற்கும் கதையில் ஒரு வரி வேண்டுமே! அப்பா முன்னைவிட எவ்வளவோ கனிந்துவிட்டார், வண்டி கொடுத்து அனுப்பினார் என்று ஃபேன் சொல்கிறாள். முன்பு ஏன் கடுமையாக இருந்தார் என்று டிக்கன்ஸ் சொல்லவில்லை. மகளும் சொல்ல வேண்டாம்.

கடந்தகாலக் கிறிஸ்மஸின் ஆவி கிழ ஸ்க்ரூஜை அழைத்துப்போய்ப் பள்ளியில் காட்டுவது இரண்டு கிறிஸ்மஸ். முதலாவதில் எல்லாரும் ஊருக்குப் போய்விட, மங்கிய கணப்பருகே தனியாகப் படிக்கிறான். அலிபாபாவும் ராபின்சன் க்ரூஸோவின் கிளியும்தான் துணை. அடுத்ததில் வளர்ந்துவிட்டான், படிக்கவில்லை, மனமொடிந்து அங்குமிங்கும் நடக்கிறான். இந்த வித்தியாசத்தை எழுதினாலே போதும்.

வேலை பழகுதல் என்பதை இன்றைய ட்ரெய்னிங்போல நினைக்கக் கூடாது. அக்கால இங்கிலாந்தில் ஒப்பந்தம் எழுதி, பெரும்பாலும் 7 வருடம் ஒரே முதலாளியிடம் இருக்க வேண்டும். சாப்பாடு, படுக்கை எல்லாம் அவர் தயவு. ஸ்க்ரூஜும் கூட வேலை பழகும் டிக் வில்கின்ஸும் கடைக்குப் பின்னால் கல்லா மேசைக்கு அடியில்தான் படுக்கிறார்கள். அப்படிப்பட்ட முதலாளி கிறிஸ்மஸுக்கு முந்தைய மாலை 7 மணிக்குப் பேனாவை வைத்துவிட்டுக் கடையை அடைக்கச் சொல்கிறார். பன்னிரண்டு எண்ணுவதற்குள் பலகைகளைப் பூட்டிவிட்டு மூச்சிரைக்க வந்து நிற்கிறார்கள் பையன்கள். அப்புறம் 11 மணிவரை ஃபிடிலும் ஆட்டமும் விருந்தும்.

செலவு? மூன்று நாலு பவுண்டு இருக்கும் என்கிறது ஆவி. ‘வாரி இறைத்தார்’ என்று எழுதும் கைடுகள் இங்கேதான் கோட்டைவிடுகின்றன. பவுண்டுக்கு 20 ஷில்லிங். ஸ்க்ரூஜின் குமாஸ்தா பாப் கிராட்சிட்டுக்கு வாரம் 15 ஷில்லிங். 3 பவுண்டு அவனுக்கு நாலு வாரச் சம்பளம், ஒரு முதலாளிக்குச் சின்னத் தொகைதான். வேலையை இலகுவாக்கவும் சுமையாக்கவும் முதலாளியால் முடியும் என்று ஆவியிடம் வாதாடும்போதே ஸ்க்ரூஜுக்குத் தன் குமாஸ்தா நினைவு வந்துவிடுகிறது. விடையை அந்த இடத்தில் முடிக்கச் சொல்லுங்கள்.

புத்தகம் வாங்கினால் சுருக்கப் பதிப்பு வேண்டாம். காப்புரிமை எப்போதோ முடிந்துவிட்டது, முழுக்கதையும் இணையத்தில் இலவசம். ஐந்து பகுதிகளில் இரண்டாவதை மட்டும் ஒரு மாலை உட்கார்ந்து படித்தால் இந்தக் கேள்விக்குப் போதும்.