டட்சன் 1200 பிக்கப்: பத்து நிமிசத்தில் நிற்கும் எஞ்சின்

தம்பி, ஒட்டுசுட்டானில ஒன்பது வருசம் கொட்டிலுக்குள்ள கிடந்த பிக்கப்பைத் திருத்தி, பெயின்றும் அடிச்ச பிறகு, பத்து நிமிசம் ஓடினதும் நிக்குது, அரை மணித்தியாலம் விட்டால் திரும்ப ஸ்ராட் வருது எண்டு எழுதியிருந்தீங்கள். கார்பரேட்டரை இப்ப கழட்டாதேங்கோ. எனக்குப் பெற்றோல் தாங்கியிலதான் சந்தேகம். துரு மண்டி, பெற்றோல் உறிஞ்சுற குழாயில போய் அடைக்கும். எஞ்சின் நிண்டதும் கீழ இறங்கிவிடும்.

அடுத்தமுறை நிக்கேக்க தாங்கி மூடியைத் திறவுங்கோ. "உஸ்" எண்டு காத்து உள்ள இழுத்தால் மூடியின்ர காத்துத்துளை அடைப்பு, அவ்வளவுதான். இல்லையெண்டால் உடனே ஒரு பிளக்கைக் கழட்டி நெருப்புப் பொறி வருதா பாருங்கோ. பொறி இல்லாட்டி, பொறி உண்டாக்கிற கொயில் அல்லது கொண்டென்சர் சூட்டில படுக்குது.

பொறி நல்லா இருந்தால் தாங்கியைக் கழட்டத்தான் வேணும். பெற்றோலை முழுக்க வடிச்சு, வினாகிரி நிரப்பி இரண்டு நாள் விடுங்கோ. ஒரு பிடி நட்டுகளும் போட்டுக் குலுக்கலாம், எண்ணி எடுக்க மறக்காதேங்கோ. பிறகு அப்பச்சோடாத் தண்ணியால அலசி, வன்னி வெயிலில காயவிட்டால் ஒரு பகலில முடிஞ்சுது. ஓட்டை தெரிஞ்சாலும் வெல்டிங் பக்கம் கொண்டுபோகாதேங்கோ, பெற்றோல் ஆவி நிக்கிற வெறும் தாங்கிதான் வெடிக்கும்.

யுத்தத்தில வடக்குக்குப் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில, போத்தலால கார்பரேட்டருக்குள்ள கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி மண்ணெண்ணெயில ஓடினம். அந்தப் போத்தல் வித்தையை இதில செய்யவேண்டாம், கார்பரேட்டருக்குக் கீழையே சூடான எக்ஸ்ஹோஸ்ற் கிடக்கு.

பெற்றோல் பில்டர் புதுசு போட்டனீங்களோ?