பிரான்சில் எங்கே சாப்பிடுவது? – கடிதமும் பதிலும்

வணக்கம்,

உங்கள் பிரான்ஸ் பயணக் கட்டுரைகளைத் தொடர்ந்து வாசிக்கிறேன். நாங்கள் லண்டனில், ஹாரோ பக்கம் இருக்கிறோம். போன வருசம் சமைக்கவும் தூங்கவும் உள்ளேயே வசதியுள்ள ஒரு மோட்டார்ஹோம் வண்டி வாடகைக்கு எடுத்துக்கொண்டு குடும்பமாகப் பிரான்ஸ் போனோம். ஊர்கள் எல்லாம் அருமை. சாப்பாடுதான் சரிவரவில்லை. பசித்துப்போய் நிற்கிற நேரம் கடை பூட்டியிருக்கும். திறந்திருக்கிற கடை கடற்கரையோரம் படம் போட்ட மெனுவோடு இருக்கும், விலையோ யானை விலை. கூகுளில் நாலரை நட்சத்திரம் பார்த்துத் தேடிப்போன இடத்தில் வண்டியை நிறுத்தவே முடியவில்லை. பாதி நாள் வண்டிக்குள் நூடுல்ஸ்தான்.

இந்த செப்டம்பரில் மூன்று வாரம் மறுபடி போகிறோம். கலே துறைமுகத்தில் இறங்கி பிரான்சின் மேற்கே பிரித்தானி, பிறகு நடுவில் உள்ள மலைப்பகுதி, திரும்பும்போது கிழக்கே அல்சாஸ். இந்த முறை அம்மாவும் வருகிறா. அவ மாட்டிறைச்சி தொடமாட்டா. மனைவி வெள்ளிக்கிழமை சைவம். நல்ல உணவகங்களாகப் பார்த்து ஒரு பட்டியல் தர முடியுமா? அரிசி சாமான் எல்லாம் இங்கிருந்தே கட்டிக்கொண்டு போகலாமா?

எஸ்., ஹாரோ

*

அன்புள்ள எஸ்.,

பட்டியல் தரப்போவதில்லை. நான் நாலு பெயர் எழுதிக்கொடுத்தால் அந்த நாலையும் தேடிக்கொண்டு ஓடுவீர்கள். ஏழு மீட்டர் வண்டியோடு ஒரு குறிப்பிட்ட கடையைத் தேடி ஊருக்குள் நுழைந்ததுதான் உங்கள் போன வருசத் தொல்லையில் பாதி. பல கார் நிறுத்தங்களின் வாசலில் இரண்டு மீட்டர் உயரத்தில் குறுக்குக் கம்பி போட்டிருப்பார்கள். உங்கள் வண்டி கிட்டத்தட்ட மூன்று மீட்டர். போதாததற்குச் சின்ன ஊர்க் கடைகள் கைமாறிக்கொண்டே இருப்பவை. போன வருசம் நன்றாக இருந்த இடம் இந்த வருசம் பீட்சா கடையாகியிருக்கும்.

பிரான்சில் எந்தக் கடை என்பதைவிட மணி என்ன என்பதுதான் பெரிய விஷயம். மதியம் பன்னிரண்டு மணிக்கு அடுப்பு பற்றும், இரண்டு மணிக்கு அணையும். ஒன்றரைக்குப் போனாலே அன்றைய பதார்த்தம் தீர்ந்திருக்கும். இரண்டேகாலுக்குப் போய் நின்றால், நாற்காலிகள் காலியாக இருக்கும், ஆனால் இல்லை என்று சொல்லிவிடுவார்கள். அதைத் திமிர் என்று நினைக்காதீர்கள். சின்ன ஊரில் சமையல்காரர் கணவர், பரிமாறுகிறவர் மனைவி, அவ்வளவுதான் ஆள்பலம். ராத்திரி ஏழு மணிக்கு மறுபடி திறக்க வேண்டும் என்றால் நடுவில் அவர்கள் எப்போது சாப்பிட்டு எப்போது கண்ணயர்வது? நாள் முழுக்கத் திறந்திருக்கும் என்று போர்டு மாட்டிய கடைகள் உண்டு. பெரும்பாலும் அவை நம்மைப் போன்ற வெளியூர்க்காரர்களுக்காக நடப்பவை. நீங்கள் போன வருசம் மாட்டிக்கொண்டது அங்கேதான்.

ஆகவே நாளைத் தலைகீழாகத் திட்டமிடுங்கள். காலையில் கிளம்பும்போது எந்தக் கோட்டையைப் பார்ப்பது என்று யோசிக்காமல், பதினொன்றே முக்காலுக்கு எந்த ஊரில் இருப்போம் என்று யோசியுங்கள். அது அழகான ஊராக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. மர ஆலை, டிராக்டர் கடை, ஒரு பள்ளிக்கூடம், வங்கிக்கிளை, இப்படி ஆட்கள் வேலை பார்க்கிற ஊராக இருக்க வேண்டும். சுற்றுலா வழிகாட்டியில் ஒரு வரிகூட இல்லாத ஊர் என்றால் இன்னும் விசேஷம். விளையாட்டு மைதானம் பக்கமோ தேவாலயச் சதுக்கத்திலோ வண்டியை நிறுத்திவிட்டு ஒரு சுற்று நடங்கள். எந்தக் கடை வாசலில் கொத்தனார், பிளம்பர், எலக்ட்ரீஷியன்களின் வெள்ளை வேன்கள் நிற்கின்றன என்று பாருங்கள். அங்கே போய் உட்காருங்கள்.

இதற்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. பிரான்சில் நிறைய கம்பெனிகள் ஊழியர்களுக்கு மதியச் சாப்பாட்டுக்கு என்று கூப்பன் தருகின்றன. 1967 முதல் நடக்கும் ஏற்பாடு. கட்டட வேலைக்காரர்களுக்குத் தனியாகச் சாப்பாட்டுப்படி உண்டு. அந்தத் தொகைக்குள் அடங்கினால்தான் அவர்கள் தினமும் வருவார்கள். தினமும் வருகிற ஆளுக்கு மோசமாகச் சமைத்துப் போட்டால் கடை ஒரு மாதம் தாங்காது. அதே கடையில் அதே சமையல்காரர் ராத்திரி போடுகிற சாப்பாட்டுக்கு இரண்டு மடங்கு கொடுக்க வேண்டியிருக்கும். மதியம் கரும்பலகையில் சாக்பீஸால் 'ப்ளா து ஜூர்' என்று எழுதியிருப்பது அன்றைய பதார்த்தம். 'ஃபோர்மூல்' என்றால் முன்உணவோ இனிப்போ ஒன்று அதோடு சேர்ந்து ஒரே விலை. நாலு வகைக்குமேல் எழுதியிருந்தால் எனக்குச் சந்தேகம் வரும். நாற்பது வகை என்றால் குளிர்பதனப் பெட்டிதான் சமையல்காரர். ரொட்டிக்கும் குழாய்த் தண்ணீருக்கும் காசு கிடையாது. 'கராஃப் தோ' என்று கேளுங்கள், குடுவையில் கொண்டுவருவார்கள். வெறுமனே தண்ணீர் என்று கேட்டால் பாட்டில் வரும், பில்லிலும் வரும். சேவைக் கட்டணம் விலையிலேயே அடக்கம். டிப்ஸ் உங்கள் இஷ்டம்.

உள்ளே நுழைந்ததும் முதல் வார்த்தை 'போன்ஜூர்' ஆக இருக்கட்டும். மேசை கேட்பதும் நேரம் கேட்பதும் அப்புறம். இந்த ஒரு வார்த்தையை விழுங்கிவிட்டுத்தான் பாதிப் பேர் பிரெஞ்சுக்காரன் முகம் கொடுத்துப் பேசவில்லை என்று குறைப்படுகிறார்கள்.

உங்களைப் போன்ற பெரிய வண்டிக்காரர்களுக்கென்றே அமைந்தது மாதிரி ஒரு வகைக் கடை உண்டு. 'ரெலே ரூத்தியே', லாரி ஓட்டுநர்களுக்கான சாப்பாட்டுக் கடை. பாதி சிவப்பு, பாதி நீலமாக ஒரு வட்டப் பலகை வாசலில் இருக்கும். 1934-இல் தொடங்கிய அமைப்பு. நெடுஞ்சாலைக் கட்டணச் சாலைகள் வந்தபிறகு பழைய தேசியச் சாலைகளில் லாரி குறைந்து நிறைய கடைகள் மூடிவிட்டன. மிச்சம் இருப்பவற்றில் மதியம் போய்ப் பாருங்கள். சுவரோரம் ஒரு நீள மேசையில் துருவிய கேரட், பீட்ரூட், கடுகு மயோனைசில் பிசைந்த செலரிக் கிழங்கு, பாதியாக வெட்டிய அவித்த முட்டை, அரைத்த இறைச்சியான பாத்தே என்று வரிசையாக இருக்கும். நீங்களே போட்டுக்கொள்ள வேண்டியதுதான். அப்புறம் சுடச்சுட ஒரு தட்டு. அப்புறம் சீஸ். அப்புறம் ஒரு காரமெல் புடிங்கோ ஆப்பிள் டார்ட்டோ. பல இடங்களில் கால் லிட்டர் ஒயினும் சேர்த்தே விலை. எல்லாம் சேர்ந்து பதினைந்து, பதினேழு யூரோ அளவில் முடிந்துவிடும். முன்பின் தெரியாத ஆள் பக்கத்தில் உட்காருவார், ரொட்டிக் கூடையை நீட்டுவார். நளினம் எதிர்பார்க்காதீர்கள், தட்டு 'டக்' என்று வந்து விழும்.

இரண்டு விஷயம் ஞாபகம் வையுங்கள். சனி இரவு பத்து முதல் ஞாயிறு இரவு பத்து வரை கனரக லாரிகள் ஓடக்கூடாது என்பது பிரெஞ்சுச் சட்டம். லாரி இல்லாத நாளில் லாரிக்காரர் கடை எதற்கு? வாரக்கடைசியில் பெரும்பாலானவை மூடியிருக்கும். இன்னொன்று, மாலையில் அங்கே லாரிகளுக்கான இடத்தை உங்கள் மோட்டார்ஹோம் அடைத்துக்கொள்ளக்கூடாது. சட்டப்படி ஓய்வெடுத்தே ஆகவேண்டிய ஓட்டுநருக்கு அந்த இடம் இல்லையென்றால் அவர் திண்டாடுவார். கேட்டுவிட்டு ஓரமாக நிறுத்துங்கள். ஒயின் விஷயத்தில், ஓட்டுகிறவருக்கு ரத்தத்தில் லிட்டருக்கு 0.5 கிராம்தான் வரம்பு. கால் லிட்டரை அம்மாவிடம் தள்ளிவிட முடியாது என்று நினைக்கிறேன்.

ஞாயிறு இரவும் திங்கட்கிழமையும் சின்ன ஊர்களில் எதுவும் திறந்திருக்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிறு காலைச் சந்தையில் கம்பியில் சுழலும் கோழி வாங்கிவிடுங்கள். அடியில் கோழிக் கொழுப்பு சொட்டிச் சொட்டி வெந்த உருளைக்கிழங்கையும் சேர்த்துக் கேளுங்கள். திங்கள் மதியம் வரை கவலையில்லை. ஆனால் சந்தைச் சதுக்கத்தில் முதல்நாள் இரவு வண்டியைப் போட்டுத் தூங்காதீர்கள். சந்தை நாளில் நிறுத்தக்கூடாது என்ற பலகை ஏதாவது ஒரு கம்பத்தில் கண்டிப்பாக இருக்கும். விடியற்காலையில் மீன்காரர் வந்து தட்டுவார், அல்லது இழுவை வண்டி வந்துவிடும்.

இரவுச் சாப்பாட்டை வண்டியிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்பேன். அதற்குப் 'பிரான்ஸ் பாசியோன்' என்ற ஏற்பாடு உதவும். வருடச் சந்தா கட்டினால் திராட்சைத் தோட்டக்காரர், ஆடு வளர்ப்பவர், ஆப்பிளைப் புளிக்கவைத்துச் சைடர் செய்பவர் என்று ஆயிரக்கணக்கானோரின் நிலத்தில் ஒரு நாள் இலவசமாக நிறுத்தலாம். வண்டிக்குள்ளேயே கழிப்பறை, தண்ணீர் எல்லாம் இருக்க வேண்டும். எதையும் வாங்கியே ஆகவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆனாலும் காலையில் கறந்த பாலில் செய்த ஆட்டுச் சீஸ் வீட்டு வாசலில் கிடைக்கும்போது வாங்காமல் வருகிறவர் யார்!

இனி உங்கள் வழி. பிரித்தானியில் கவலையே இல்லை. மரக்கோதுமை என்று நம்மூரில் சிலர் சொல்லும் பக்வீட் மாவில் வார்க்கும் 'கலெத்' எந்த ஊரிலும் கிடைக்கும், முறுகலான ஓரமும் நடுவில் முட்டையும் சீஸுமாக. 'கொம்ப்ளெத்' என்றால் பன்றித் தொடை இறைச்சியும் சேரும். வெள்ளிக்கிழமை உங்கள் மனைவிக்குக் காளானும் சீஸும் வைத்தது கேளுங்கள். கான்கால் துறைமுகத்தில், கடலோரக் கூடாரங்களில் சிப்பியை உங்கள் கண்முன் உடைத்து எலுமிச்சம்பழத்தோடு தட்டில் தருவார்கள். படிக்கட்டில் உட்கார்ந்து உறிஞ்சிவிட்டு ஓட்டைக் கீழே கடற்கரையில் வீசுவதுதான் அங்கே வழக்கம். சிப்பிக்கு அளவு எண் உண்டு, எண் குறைந்தால் சிப்பி பெரிது. முதன்முறை சாப்பிடுகிறவர்கள் நான்காம் நம்பரில் தொடங்குவது நல்லது. துறைமுகத் தெருவுக்குள் வண்டியை இறக்காமல் மேலே ஊரில் நிறுத்திவிட்டு நடந்து போங்கள்.

நடுமலையில் ஓப்ராக் பக்கம் போனால் 'அலிகோ' சாப்பிடாமல் வராதீர்கள். மசித்த உருளைக்கிழங்கில் புதுச் சீஸும் பூண்டும் போட்டு, கரண்டியைத் தூக்கினால் ஒரு முழம் இழுபடும் வரை கிண்டுவார்கள். பக்கத்தில் வைக்கும் தொத்திறைச்சியை வேண்டாம் என்றால் அசைவம் இல்லை.

அல்சாஸுக்கு இரண்டு நாள் கூடுதலாக ஒதுக்குங்கள். வோஜ் மலையின் முகட்டில் முதல் உலகப்போர் சமயத்தில் பிரெஞ்சு ராணுவம் போட்ட சாலை ஒன்று ஓடுகிறது. ஜெர்மானியர் கண்ணில் படாமல் ஆளும் பொருளும் நகர்த்துவதற்காகப் போட்டது. அதன் இருபுறமும் மாட்டுப்பண்ணைகள். அவற்றில் பல 'ஃபெர்ம் ஓபெர்ஜ்', அதாவது பண்ணைக்காரரே சமைத்துப் போடும் இடங்கள். அங்கே 'மார்க்கேர்' சாப்பாடு கேளுங்கள். மார்க்கேர் என்பவர் கோடையில் மாடுகளை மேலே ஓட்டிவந்து சீஸ் செய்கிற ஆள். முதலில் மாவுக்குள் இறைச்சி அடைத்துச் சுட்ட ஒரு வட்டப் பேஸ்ட்ரி. அடுத்து வெங்காயத்தோடு மணிக்கணக்கில் மெல்லிய தீயில் கிடந்து, அடியில் பொன்னிறமாகப் பிடித்துக் குழைந்த உருளைக்கிழங்கு, கூடவே புகையூட்டிய பன்றி இறைச்சி. அதற்குப் பிறகு முன்ஸ்தெர் சீஸ். நாற்றம் அறை முழுக்க நிற்கும், வாயில் வைத்தால் சாது. கடைசியில் காட்டு நாவல் போலக் கறுத்த புளூபெரி டார்ட். சாப்பிட்டு எழுந்தவர்களைப் பார்த்தால் வாசல் பெஞ்சிலேயே கால் நீட்டியிருப்பார்கள். முதல்நாளே போன் செய்து இடம் சொல்லிவையுங்கள். இரவு அங்கேயே வண்டியை நிறுத்திக்கொள்ளலாமா என்றும் அப்போதே கேட்டுவிடலாம்.

அம்மாவுக்காகச் சில சொற்கள். 'பெஃப்' மாடு என்பது தெரிந்திருக்கும். மெனுவில் பல சமயம் அந்தச் சொல் இருக்காது. பவெத், ஓங்லே, ஆந்த்ரகோத், எல்லாம் மாடுதான். 'வோ' என்றால் கன்று. 'பிளாங்கெத் து வோ' வெள்ளைக் குழம்பில் பார்க்கக் கோழி மாதிரியே இருக்கும். 'அஷி பார்மாந்தியே' மேலே உருளைக்கிழங்கு மசியல், அடியில் மாட்டுக் கொத்துக்கறி. கலேயில் இறங்கியதும் ரோட்டோரப் பொரியல் கடையில் உருளைக்கிழங்கு வறுவல் வாங்கத் தோன்றும். வட பகுதியில் அதை மாட்டுக் கொழுப்பில் பொரிப்பதுதான் பழைய முறை. கேட்டுவிட்டு வாங்குங்கள். 'ஆந்துயெத்' தொத்திறைச்சி பெரும்பாலும் பன்றிக்குடலில் செய்வது. மாடு இல்லை என்று நம்பி அம்மாவுக்கு அதைச் சொல்லிவிட்டீர்கள் என்றால் மிச்சப் பயணம் உங்கள் கையில் இல்லை. 'புலே' கோழி, 'புவாசோன்' மீன், இந்த இரண்டையும் பிடித்துக்கொள்ளுங்கள். பழைய கத்தோலிக்கப் பழக்கத்தில் வெள்ளிக்கிழமை மதியம் பல கடைகளில் மீன்தான் போடுவார்கள். அம்மாவுக்கு அன்று கொண்டாட்டம், மனைவிக்குத்தான் ஆம்லெட். அதிலும் பன்றித் துண்டு கிடக்கும், 'சான் லார்தோன்' என்று சேர்த்துச் சொல்லுங்கள்.

அரிசி, பருப்பு, மிளகாய்த்தூள் தாராளமாகக் கொண்டுபோகலாம். பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலகியபின் இறைச்சியும் பால் பொருட்களும் அந்தப் பக்கம் கொண்டுபோக முடியாது. தயிர் டப்பா, சிக்கன் கறி எல்லாம் கலேயிலேயே குப்பைக்குப் போகும். திரும்பி வரும்போது அங்கிருந்து சீஸ், இறைச்சி கொண்டுவருவதற்கும் பிரிட்டன் 2025 ஏப்ரலில் தடை போட்டது, கிளம்பும் முன் நிலவரம் பார்த்துக்கொள்ளுங்கள். முன்ஸ்தெரை அங்கேயே தின்று தீர்ப்பது உத்தமம், வண்டிக்கும் நல்லது. மீனுக்கு ஆளுக்கு 20 கிலோ வரை அனுமதி, ஆகவே கருவாட்டுக்குப் பிரச்சினை இல்லை, பக்கத்து வண்டிக்காரர்கள் என்ன சொல்வார்கள் என்பது தனி. பச்சைக் கறிவேப்பிலைக்குத் தாவரச் சான்றிதழ் வேண்டும், அது இல்லாமல் விடமாட்டார்கள். காயவைத்து எடுத்துப் போங்கள். தேங்காய்க்கு அந்தச் சான்றிதழ் தேவையில்லை.