பூஜை அறை ரவிவர்மா படம்: 25,000 ரூபாயா, கோடியா?

கேள்வி: தக்கலையில் அம்மா காலமான பிறகு வீட்டுச் சாமான்களைப் பங்கு வைக்கிறோம். பூஜை அறையில் பாட்டி காலத்து ரவிவர்மா சரஸ்வதி படம் இருக்கிறது. அதில் கையெழுத்தும் உண்டு. திருவனந்தபுரத்து வியாபாரி ஒருவர் 25,000 ரூபாய் தருவதாகச் சொல்கிறார். ரவிவர்மா படம் 38 கோடிக்குப் போயிருக்கிறது, விற்கக் கூடாது என்கிறார் அண்ணன். என்ன செய்யலாம்? கையிலுள்ள 4 லட்சத்தை ஓவியத்தில் போடலாமா?

பதில்: அண்ணன் சொல்லும் தொகை உண்மைதான். ரவிவர்மாவின் ‘யசோதையும் கிருஷ்ணனும்’ 2023-இல் மும்பையில் நடந்த ஏலத்தில் 38 கோடி ரூபாய்க்கு விற்றது. ஆனால் அது அவர் கையால் துணியில் தீட்டிய எண்ணெய் ஓவியம். உங்கள் வீட்டில் இருப்பது அநேகமாக ஒலியோகிராஃப், அதாவது கல்லச்சுப் படம். 1894-இல் ரவிவர்மா பம்பாயில் அச்சகம் தொடங்கினார். பிறகு அது லோனாவ்லா பக்கம் மளவ்லிக்கு மாறி, ஒரு ஜெர்மானியர் கைக்குப் போனது. 1906-இல் ரவிவர்மா மறைந்த பின்னும் அச்சு ஓடிக்கொண்டுதான் இருந்தது. கையெழுத்தும் படத்தோடு சேர்ந்தே அச்சானது. அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

நகைக்கடையில் கல் பார்க்கும் 10 மடங்கு லென்ஸை வாங்கி, சரஸ்வதியின் கன்னத்தைப் பாருங்கள். சின்னதும் பெரியதுமாக, ஒழுங்கில்லாமல் பல நிறப் புள்ளிகள் தெரிந்தால் பழைய கல்லச்சு. ஒரே சீராக வரிசை கட்டிய புள்ளிகள் என்றால் பிற்கால ஆஃப்செட் அச்சு. அதற்குச் சில நூறு ரூபாய்தான். புள்ளியே இல்லாமல் தூரிகை இழுத்த தடம் தெரிந்தால் அங்கேயே நிறுத்திவிட்டு, ஓவியப் பாதுகாப்பு நிபுணரிடம் காட்டுங்கள். விரலால் தடவிப் பார்த்து முடிவுக்கு வராதீர்கள். பல ஒலியோகிராஃப்களுக்கு வார்னிஷ் பூசி, துணி நெசவு போலவே மேடுபள்ளம் அழுத்தியிருப்பார்கள். முடிந்தால் ஒரு நாள் திருவனந்தபுரம் அருங்காட்சியக வளாகத்திலுள்ள ராஜா ரவிவர்மா ஓவியக் கூடத்துக்குப் போய் அசலைப் பாருங்கள். உங்கள் ஊரிலிருந்து இரண்டு மணி நேரப் பயணம்தான். வித்தியாசம் கண்ணுக்கே புரியும்.

கல்லச்சு என்றால் அடி ஓரத்தில் அச்சகத்தின் பெயர் இருக்கிறதா என்று தேடுங்கள். சட்டத்துக்குள் அடங்கட்டும் என்று ஓரத்தை வெட்டிவிட்ட படங்கள் ஏராளம். அங்கேயே பாதி மதிப்பு போய்விடுகிறது. இந்தப் படங்கள் பெரும்பாலும் சில ஆயிரங்களிலிருந்து சில பத்தாயிரங்கள் வரை விற்கும். நல்ல நிலையில் உள்ள அரிய அச்சுக்கு மட்டும் லட்சம் வரலாம். ஆகவே வியாபாரி கேட்ட விலை மோசமில்லை, ஆனால் அதுவே முடிவான விலையும் இல்லை. முன்பக்கம், பின்பக்கம், நான்கு மூலை, ஓர எழுத்து ஆகியவற்றைப் படமெடுத்து, அளவைச் சென்டிமீட்டரில் குறித்து இரண்டு ஏல நிறுவனங்களுக்கு அனுப்பி உத்தேச விலை கேளுங்கள்.

அதுவரை படத்தை ஈரத்துணியால் துடைக்க வேண்டாம், புது வார்னிஷ் அடிக்க வேண்டாம். காகிதம் கண்ணாடியோடு ஒட்டியிருந்தால் பிரிக்கவே கூடாது. நிறம் கண்ணாடியோடு வந்துவிடும். இரண்டு பருவமழையும் பெய்கிற ஊர் உங்களுடையது. வெளிச்சுவரிலிருந்து எடுத்து உள்சுவரில் மாட்டுங்கள். பின்பலகையில் கரையான் இருக்கிறதா என்றும் பாருங்கள். விளக்குப் புகையும் எண்ணெயும் படுகிற இடம் ஆகாது.

அம்மா உயில் எழுதவில்லை என்றால் படம் வாரிசுகள் எல்லாருக்கும் பொது. எல்லாரும் கையெழுத்திட்ட ஒப்புதல் இல்லாமல் விற்காதீர்கள். 100 வருடம் தாண்டிய படம் சட்டப்படி தொல்பொருள். அதைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. அசல் ரவிவர்மாவுக்கும் அதே தடைதான், 1979-இல் அவர் படைப்புகளைக் கலைச்செல்வமாக அரசு அறிவித்துவிட்டது.

வீட்டுச் சாமானுக்கு வரி இல்லை என்பார்கள். ஓவியத்துக்கு அது பொருந்தாது, மூலதன ஆதாய வரி உண்டு. முன்னோர் வைத்திருந்த காலமும் கணக்கில் சேர்வதால் உங்களுக்கு இது நீண்டகால ஆதாயம், வரி 12.5 சதவீதம், அதன்மேல் செஸ் என்ற கூடுதல் வரி. 2001-க்கு முன்பே வீட்டில் இருந்த பொருள் என்பதால் 1.4.2001 அன்றைய நியாயமான மதிப்பை அடக்கவிலையாக வைக்கலாம். மதிப்பீட்டாளர் சான்று வாங்கிக்கொள்ளுங்கள். அந்த மதிப்பு 20,000, விற்றது 60,000 என்றால் ஆதாயம் 40,000, செஸ் சேர்க்காமல் வரி 5,000. ரொக்கமாக 2 லட்சமோ அதற்கு மேலோ வாங்குவது சட்டவிரோதம்.

இனி அந்த 4 லட்சம். ஏலச் செய்தியில் வரும் தொகை வாங்குபவர் கட்டியது, விற்றவர் கைக்கு வந்தது அல்ல. 2017-இல் நியூயார்க்கில் லியோனார்டோவின் ‘சால்வேட்டர் முண்டி’ 40 கோடி டாலருக்குச் சுத்தி தட்டப்பட்டது. ஏல நிறுவனத்தின் கட்டணம் சேர்ந்து 45.03 கோடி ஆனது. நம் ஊர்க் கணக்கில், 1 லட்சத்துக்கு ஏலம் எடுத்தால் 20 சதவீதக் கட்டணத்தோடு 1.2 லட்சம், அதற்கு மேல் ஜிஎஸ்டி. திரும்ப விற்கும்போது நிறுவனம் 10 சதவீதம் எடுக்கிறது என்று வையுங்கள். ஜிஎஸ்டியை விட்டுவிட்டாலும், போட்ட பணம் திரும்பவே விலை சுமார் 1.33 லட்சம் ஆக வேண்டும். அதுவரை வட்டி இல்லை, வாடகை இல்லை. காப்பீடும் பராமரிப்பும் செலவுதான். அவசரத்துக்கு விற்கப் போனால் ஏலத் தேதிக்காக மாதக்கணக்கில் காத்திருக்க நேரும். ஓவியத்தில் பங்கு தருவதாக வரும் செயலிகளையும் தொடாதீர்கள். உங்கள் பங்கை வாங்க ஆள் கிடைத்தால்தான் பணம்.

ஆறு மாத வீட்டுச் செலவை வங்கி வைப்பில் ஒதுக்கிவிட்டு, மீதியை எப்போது தேவைப்படும் என்று எழுதுங்கள். அதற்கேற்ற திட்டம் சொல்கிறேன். வியாபாரி ‘காட்டிவிட்டுத் தருகிறேன்’ என்று படத்தைக் கேட்டால் ரசீது, புகைப்படம், திருப்பித் தரும் தேதி மூன்றும் எழுத்தில் இல்லாமல் கொடுக்காதீர்கள்.