தோட்டத்து ரோட்டில் சைக்கிள்: மாறும் வெளிச்சத்துக்கு எந்தக் கண்ணாடி?

அப்புத்தளை, நுவரெலியாப் பக்கம் கிரவல் ரோட்டில் ஓட்டும்போது வெயில், மூட்டம், மரநிழல் எல்லாம் அரைமணிக்குள் வந்து போகும். இதற்கு நிறம் மாறும் கண்ணாடி சரிவருமா?

நிறம் மாறும் கண்ணாடி வெயிலில் கறுக்கும், நிழலில் தெளியும். அதிலுள்ள மூலக்கூறுகள் புற ஊதாக் கதிர் பட்டதும் வடிவம் மாறி வெளிச்சத்தை உறிஞ்சிக்கொள்கின்றன. கதிர் குறைந்தால் பழைய வடிவத்துக்குத் திரும்பும். ஆனால் கறுத்த வேகத்தில் தெளியாது. நம் மலைக் குளிரில் இன்னும் தாமதம். கொழுந்து மலையில் வெயிலில் நின்றுவிட்டு லயத்து அறைக்குள் நுழைந்தால் கொஞ்ச நேரம் எதுவும் தெரியாதல்லவா, அதே கதைதான். இறக்கத்தில் யூகலிப்டஸ் மரங்களுக்குள் பாயும் இரண்டு நொடியில் கண்ணாடி மாறாது. முன்சில்லுக்கு நேரே கிடக்கும் கைமுட்டி அளவு கல் நிழலோடு நிழலாகிவிடும்.

அதனால் தெளிந்த நிலையில் 70 முதல் 80 சதவீதம் வெளிச்சத்தை விடுவதை எடுங்கள். நல்ல வெயிலிலும் முழுக்கக் கறுக்காமல் அரைகுறையாகக் கறுப்பதே இந்த ரோடுகளுக்கு நல்லது. ரோஸ் அல்லது தேன் நிறம் என்றால் குழியும் மேடும் பிரிந்து தெரியும். அப்புறம், ஓரத்தில் காற்றுத் துளை இருக்கட்டும். ஏற்றத்தில் மூச்சுச் சூட்டுக்கே ஆவி படியும்.

கறுப்பு கூடினால் பாதுகாப்பும் கூடும் என்று பலர் நம்புகிறார்கள். புற ஊதாவைத் தடுப்பது நிறம் அல்ல, ‘யூவி 400’ (400 நானோமீட்டர் வரையான புற ஊதாக் கதிரை மறிப்பது) தடுப்புத்தான், அது நிறமே இல்லாத கண்ணாடியிலும் இருக்கலாம்.