அந்தக் கைகளை யார் காட்டுவது?

கேள்வி: என் தம்பி புழல் சிறையில் ஐந்து வருடம் இருந்துவிட்டு வந்தான். உள்ளே நடந்த ஓவிய வகுப்பில் கற்றுக்கொண்டு அருமையாக வரைகிறான். ‘சிறையில் பிறந்த ஓவியன்’ என்று எழுதி அவன் படங்களை ஃபேஸ்புக்கில் போட்டேன். அன்றிலிருந்து நோட்டைத் தொடுவதே இல்லை. வேலையும் அமையவில்லை. நான் நல்லதுதானே செய்தேன்?
- பெயர் வேண்டாம், வியாசர்பாடி

பதில்: அன்புச் சகோதரிக்கு,

நீங்கள் அனுப்பிய படங்களை ஒரு மாலை முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீலப் பால்பாயிண்ட் பேனாவில், எல்லாமே கைகள். மனு பார்க்க, அதாவது சிறையில் மகனைச் சந்திக்க, வந்த அம்மாவின் கை ஒன்று துணிப்பையின் காதைச் சுருட்டிப் பிடித்திருக்கிறது. கண்ணாடி வளையல் இரண்டு, பக்கத்தில் ஒரு ரப்பர் பேண்ட். அந்த ரப்பர் பேண்டை மனதில் வைத்திருந்து வரைந்தவர் ஓவியர்தான். அதற்கு முன்னால் ‘சிறை’ என்ற சொல் எதற்கு?

உங்கள் பாசத்தில் குறையே இல்லை. ஆனால் அவரைக் கேட்காமல் போட்டது தவறு. உள்ளே எழுவதும் சாப்பிடுவதும் படுப்பதும் மற்றவர் வைத்த நேரப்படிதான். ஒரு கோட்டை எங்கே தொடங்குவது, எங்கே நிறுத்துவது, வரைந்ததை யாரிடம் காட்டுவது என்பது மட்டும் அவர் கையில் இருந்தது. அதைத்தான் நீங்கள் தெரியாமல் பிடுங்கிக்கொண்டீர்கள்.

கொல்கத்தாவில் நடனக் கலைஞர் அலோகானந்தா ராய் சிறைவாசிகளை வைத்துத் தாகூரின் இசை நாடகத்தை மேடையேற்றினார். கொள்ளைக்காரன் கவியாக மாறும் வால்மீகி வேடத்தில் ஆடியவர் நைஜல் அக்காரா. விடுதலையாகி வந்தபின் அவர் தன் கதையைத் தானே ஊருக்குச் சொன்னார். கைதட்டல் அவருக்குச் சோறு போட்டுவிடவில்லை. துப்புரவுப் பணி நிறுவனம் ஒன்றைத் தொடங்கி, தன்னைப் போல் வெளியே வந்தவர்களுக்கும் வேலை கொடுத்தார். சினிமாவில் நடித்ததெல்லாம் பிறகுதான்.

சரி, இப்போது என்ன செய்வது? இன்றைக்கே அந்தப் பதிவை எடுத்துவிடுங்கள். எடுத்துவிட்டேன், உன்னைக் கேட்காமல் போட்டது என் தப்பு என்று தம்பியிடம் சொல்லுங்கள். ‘ஏன் வரையவில்லை?’ என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். வேலையைத் தனியாகத் தேடட்டும், அது ஓவிய வேலையாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஈஞ்சம்பாக்கம் சோழமண்டலம் ஓவியர் கிராமத்துக்கு இரண்டு பேரும் போய் வாருங்கள். 1966-இல் ஓவியர்களே சேர்ந்து, மெழுகு தடவிச் சாயமிடும் பாத்திக் துணி முதலான கைவினைப் பொருள்களை விற்ற பணத்தில் நிலம் வாங்கி உண்டாக்கிய இடம். அங்கே யாரிடமும் அவரை அறிமுகப்படுத்த வேண்டாம், சும்மா பார்க்கட்டும்.

அப்புறம் ஒன்று. 2023 சென்னைப் புத்தகக் காட்சியில் சிறைத்துறை ‘கூண்டுக்குள் வானம்’ என்று அரங்கு போட்டு, சிறைவாசிகளுக்காகப் புத்தகங்களை நன்கொடையாக வாங்கியது. வரைய ஆசைப்படுகிற ஒருவருக்கு உள்ளே எந்த மாதிரிப் புத்தகம் உதவும் என்று உங்கள் தம்பியைக் கேளுங்கள். அது அவருக்குத்தான் தெரியும். அவர் சொன்னால் எனக்கும் ஒரு வரி எழுதுங்கள், நானும் ஒன்று வாங்கிக் கொடுக்கிறேன்.