எல்லாச் சங்கங்களுக்கும் பொதுவான வேலைகள் என்னென்ன?

குடியிருப்போர் சங்கம், வணிகர் சங்கம், முன்னாள் மாணவர் சங்கம் என்று வகை வேறானாலும் பொதுவாகச் செய்ய வேண்டியவை எவை என்று கேட்டிருக்கிறீர்கள். எங்கள் நகர்க் குடியிருப்போர் நலச் சங்கத்தில் பொருளாளராக இருந்து இப்போது செயலாளராக இருக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

சந்தா வசூல், கூட்டம், தேர்தல், கணக்கு, அலுவலகங்களுக்கு மனு என்று யாரும் கடகடவென்று சொல்லிவிடுவார்கள். சரிதான். ஆனால் இத்தனைக்கும் ஆணிவேர் உறுப்பினர் பதிவேடு. பல சங்கங்களில் அதுதான் பீரோவில் தூங்குகிறது.

வீட்டை விற்றுவிட்டு ஊரை விட்டே போனவர் பதிவேட்டில் அப்படியே இருப்பார். வாங்கியவர் வாட்ஸ்அப் குழுவில் தினமும் காலை வணக்கம் போடுவார், பதிவேட்டில் அவர் பெயர் இருக்காது. இறந்தவர் பெயருக்குக் கூட்ட அழைப்பு போய், வீட்டார் வருத்தப்பட்டதும் உண்டு. வாடகைக்கு இருப்பவருக்கு ஓட்டு உண்டா, சந்தா பாக்கி வைத்தவர் தேர்தலில் நிற்கலாமா என்பதெல்லாம் பைலாவில், அதாவது சங்கத்தின் விதிமுறைகளில், இருக்க வேண்டியவை. ஆள் கணக்கே சரியில்லை என்றால் கோரம், அதாவது கூட்டம் செல்லக் குறைந்தது வர வேண்டியவர்கள், எத்தனை பேர் என்று எப்படிச் சொல்வது? தேர்தலில் தோற்றவர்கள் முதலில் கை வைப்பதும் இந்த இடத்தில்தான்.

தமிழ்நாட்டில் 1975ஆம் ஆண்டு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி, சங்கம் தொடங்கக் குறைந்தது 7 பேர் வேண்டும். செயற்குழுவில் 3 பேருக்குக் குறையக் கூடாது. நிர்வாகிகளின் பதவிக்காலம் 3 ஆண்டுகளைத் தாண்டக் கூடாது, மறுபடி தேர்ந்தெடுக்கத் தடையில்லை. செயற்குழுவில் ஆள் மாறினால் படிவம் 7-ஐ மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் தாக்கல் செய்ய வேண்டும். மாலை போட்டுப் படம் எடுப்பதோடு இதை மறந்துவிடுகிறார்கள். பிறகு வங்கியில் காசோலைக் கையெழுத்தை மாற்றப் போகும்போது தீர்மான நகலைக் கொடு, பதிவாளரிடம் தாக்கல் செய்ததைக் காட்டு என்று கேட்பார்கள், அப்போதுதான் ஓடுவார்கள்.

பணத்தில் ஒன்றே ஒன்று சொல்கிறேன். ஆயுள் சந்தாவை வாங்கிய வருடமே செலவு செய்யாதீர்கள். அந்த உறுப்பினர் இனி ஒரு ரூபாயும் தரப்போவதில்லை, ஆனால் அவருக்கும் சேர்த்துத்தான் வருடா வருடம் காவலாளிச் சம்பளம் கொடுக்க வேண்டும். வைப்புத்தொகையில் போட்டு வட்டியை மட்டும் எடுங்கள். ஆண்டு விழாவுக்குப் பந்தல் போட அதில் கை வைக்கலாம் என்று ஒருவர் நிச்சயம் சொல்வார். விடாதீர்கள்.

மனு கொடுப்பது பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தெருவிளக்கோ குடிநீரோ, தனி ஆளாகப் போவதைவிடச் சங்கத்தின் லெட்டர்பேடில் போனால் கொஞ்சம் காது கொடுப்பார்கள். எத்தனை வீடுகள் என்ற கேள்வி அங்கும் வரும்.

நாங்கள் இப்போது ஏப்ரலில் சந்தா ரசீது கிழிக்கும்போதே கதவு எண், உரிமையாளர் பெயர், கைபேசி எண் மூன்றையும் கேட்டுப் பதிவேட்டில் திருத்திவிடுகிறோம். அதற்கென்று தனியாக யாரும் வீடு வீடாக அலைவதில்லை.