பேரப்பிள்ளைகள் ஊருக்கு வரும் வாரம்: ஆச்சியின் பதில்கள்

பள்ளிக்கூடம் மூடியதும் வந்த கடிதங்களில் முக்கால்வாசி, பேரன் பேத்திகள் ஊருக்கு வருவது பற்றித்தான். எங்கள் கல்லிடைக்குறிச்சி வீட்டிலும் மகன் பிள்ளைகளும் மகள் பிள்ளைகளும் மே மாதத்தில் ஒரு வாரம் சேர்ந்து இருப்பார்கள். அதனால் இந்த முறை மற்ற கேள்விகளைத் தள்ளிவைத்துவிட்டு இவற்றுக்கு மட்டும் எழுதுகிறேன்.

கேள்வி: என் பிள்ளைகள் இருவரும் (வயது 11, 7), நாத்தனார் பிள்ளைகள் இருவரும் (9, 5) அம்பாசமுத்திரத்தில் மாமனார் மாமியாருடன் ஒரு வாரம் இருக்கப் போகிறார்கள். நாங்கள் யாரும் கூட இருக்க மாட்டோம். நாள் முழுக்க என்ன செய்வார்கள் என்று கவலையாக இருக்கிறது. டேப்லெட், விளையாட்டுச் சாமான், வரையும் புத்தகம் எல்லாம் கொடுத்து அனுப்பட்டுமா? (வாசகி, தாம்பரம்)

டேப்லெட் வேண்டாம் அம்மா. நாலு பிள்ளைகளுக்கு நடுவில் ஒரு டேப்லெட் இருந்தால் ஒருவன் கையில் வைத்திருப்பான், மூன்று பேர் அவன் தோளில் சாய்ந்து வேடிக்கை பார்ப்பார்கள். யார் முறை என்பதில் சண்டை வேறு. சாமான்களும் ஒரு பைக்கு மேல் வேண்டாம். மாற்று உடுப்பு, தொப்பி, பழைய செருப்பு போதும்.

முதல் இரண்டு நாள் "போர் அடிக்குது" என்பார்கள். சொல்லட்டும். உங்கள் மாமியாரிடமும் பதறாமல் இருக்கச் சொல்லுங்கள். பொழுது போகாமல் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள்தான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பேச ஆரம்பிக்கிறார்கள். பெரியவர்கள் புகுந்து நேரத்துக்கு ஒரு நிகழ்ச்சி நடத்தினால் பிள்ளைகள் நம்மோடு பழகுவார்களே தவிர, தங்களுக்குள் பழக மாட்டார்கள். வருஷத்துக்கு ஒரு தடவை சந்திக்கிற அத்தை பிள்ளைகளும் மாமா பிள்ளைகளும் சேர்ந்து சும்மா இருப்பதற்கு வேறு எங்கே இடம் இருக்கிறது?

ஆனால் ஒரு வேலை கொடுக்கச் சொல்லுங்கள். ஏதோ ஒப்புக்கு இல்லாமல், வீட்டுக்கு உண்மையிலேயே தேவைப்படுகிற வேலையாக இருக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் கத்திரி வெயில் வத்தல் போடும் காலம். ஒரு கிலோ பச்சரிசிக்கு 200 கிராம் ஜவ்வரிசி. இரண்டையும் ஊறவைத்து அரைத்து, பச்சை மிளகாய், உப்பு, சீரகம் சேர்த்து ராத்திரியே கூழ் கிண்டி வைத்துவிடுவேன். எலுமிச்சைச் சாறு கூழ் ஆறிய பிறகுதான். விடிந்ததும், வெயில் ஏறுவதற்கு முன்னால் மாடிக்குப் போய்விட வேண்டும். பழைய வேட்டியை நனைத்துப் பிழிந்து விரித்து, நாலு மூலையிலும் கல் வைப்பது சின்னவர்கள் வேலை. அச்சை அமுக்கிப் பிழிய மூத்தவனுக்குத்தான் கையில் பலம் இருக்கும். ஐந்து வயதுப் பிள்ளை கரண்டியால் மொண்டு வட்டம் வட்டமாக ஊற்றலாம். வட்டம் எப்படி வந்தாலும் சரி, காய்ந்தால் எல்லாம் வத்தல்தான். அப்புறம் காக்கா காவல். வேட்டி ஓரத்தில் ஒரு கறுப்புக் குடையை விரித்து வைத்துவிட்டு, பிள்ளைகள் மாடிப்படி நிழலில் இருந்துகொண்டு முறைபோட்டுப் பார்ப்பார்கள். பத்து மணிக்குமேல் அவர்களைக் கீழே இறக்கிவிட வேண்டும், அந்த வெயிலில் குடை மட்டும் காவல் இருக்கட்டும். மத்தியானம் பார்த்தால் வத்தலின் ஓரம் காய்ந்து நடுப்பகுதி கூழாகவே இருக்கும். அந்தப் பதத்தில் பிய்த்துத் தின்பதற்கு ஈடாக வேறு பலகாரம் இல்லை. ஒரு வரிசை அதற்கென்றே போட்டுவிடுங்கள், திருட்டு என்ற பேச்சே வராது. மறுநாள் வேட்டியைத் திருப்பிப் போட்டு, பின்பக்கம் தண்ணீர் தெளித்து உரித்தெடுத்து, தாம்பாளத்தில் இன்னும் இரண்டு நாள் காயவைக்க வேண்டும். ஊருக்குக் கிளம்பும்போது அவரவர் பிழிந்ததை அவரவர் கையில் கொடுத்தனுப்பச் சொல்லுங்கள்.

பத்து மணியிலிருந்து நாலு மணிவரை வீட்டுக்குள் இருக்கட்டும். உங்கள் மாமியாரிடம் பல்லாங்குழி இருந்தால் பதினாலு குழிக்கும் ஐந்தைந்தாகப் புளியங்கொட்டை போட்டு விளையாடலாம். ஏழு வயதுக்காரிக்குக் கணக்கு தானாக வந்துவிடும். ஆடு புலி ஆட்டத்துக்கு ஒரு துண்டுச் சாக்பீஸ் போதும். மூன்று புலி, பதினைந்து ஆடு, மாமனார் புலியாக இருக்கட்டும். நுங்கு, பதநீர், நீர்மோர் எது கிடைக்கிறதோ அதைக் கொடுக்கலாம். கேட்கும்வரை காத்திருக்காமல் அடிக்கடி தண்ணீர் கொடுக்கச் சொல்லுங்கள். விளையாட்டு மும்முரத்தில் தாகம் எடுப்பது அவர்களுக்கே தெரியாது.

இன்னொன்று, நீங்கள் ராத்திரி ஒரு தடவை மட்டும் போன் செய்யுங்கள். நாலு பேரும் சேர்ந்து பேசுகிற மாதிரி ஸ்பீக்கரில் போடச் சொல்லுங்கள். சந்தோஷமாக மண்ணில் உட்கார்ந்திருக்கும் ஐந்து வயதுப் பிள்ளை, பகலில் அம்மா குரலைக் கேட்டதும்தான் அழும்.

கேள்வி: என் மனைவிக்கு 66 வயது. மூட்டுவலி. வருஷா வருஷம் ஆறு பேரப்பிள்ளைகள் வருவார்கள். அவள் அடுப்படியை விட்டு நகர முடிவதில்லை, அவர்கள் போனபின் இரண்டு வாரம் படுத்துவிடுகிறாள். பெண்களிடம் சொல்லக் கூடாது என்கிறாள். என்ன செய்வது? (வாசகர், ராஜபாளையம்)

அவர் சொல்ல மாட்டார் ஐயா, நீங்கள்தான் சொல்ல வேண்டும். பிள்ளைகள் வந்த பிறகு சொன்னால் குறைபட்டுக்கொள்வதாக எடுத்துக்கொள்வார்கள். டிக்கெட் போடுவதற்கு முன்னாலேயே போனில் சொல்லுங்கள்: "அம்மாவால் நிற்க முடியவில்லை. அந்த வாரம் பாத்திரம் தேய்க்கவும் வீடு கூட்டவும் ஆள் வைக்கிறேன், அந்தச் சம்பளமும் மளிகைச் செலவும் உங்கள் பொறுப்பு." பென்ஷனில் ஓடுகிற வீட்டுக்கு ஆறு பிள்ளைகளின் ஒரு வாரச் சாப்பாடு பெரிய செலவு. இதைக் கேட்பதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை. பெற்ற பெண்கள் கோபித்துக்கொள்ளவும் மாட்டார்கள்.

சமையலைச் சுருக்குங்கள். ஒரு நாளைக்குச் சுடச்சுட ஒரு சாப்பாடு போதும். ராத்திரிக்கு இட்லி மாவு கடையில் வாங்கிக்கொள்ளலாம். எங்கள் வீட்டில் பிள்ளைகள் கூடினால் கூட்டாஞ்சோறு வைத்துவிடுவேன். அரிசி, துவரம்பருப்பு, கத்திரிக்காய், முருங்கைக்காய், மாங்காய், ஒரு கை முருங்கைக்கீரை, கொஞ்சம் புளித்தண்ணீர், அதோடு தேங்காய், சீரகம், மிளகாய் வத்தல், சின்ன வெங்காயம் அரைத்த மசாலா, எல்லாம் ஒரே பாத்திரத்தில். அப்பளம் பொரித்தால் வேறு தொட்டுக்க வேண்டாம். காய் நறுக்குவதை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். கீரை உருவவும், சின்ன வெங்காயம் உரிக்கவும் பிள்ளைகள் உட்காரட்டும், பையன்களும்தான். சாப்பிட்ட தட்டைக் கழுவ ஐந்து வயதுப் பிள்ளைக்கே முடியும். பாய் விரிப்பது, சுருட்டுவது, தண்ணீர்க் குடம் நிரப்புவது எல்லாம் பத்து வயதுக்கு மேற்பட்டவர்கள் பொறுப்பு. உங்கள் மனைவிக்கு அடுப்படியில் ஒரு உயரமான ஸ்டூல் போடுங்கள். இன்றைக்கே வாங்கிவிடுங்கள்.

கேள்வி: மூத்த பேரன் (12) சென்னையில் நீச்சல் வகுப்புக்குப் போகிறான். அவன் துணையோடு சின்னவர்களைத் தாமிரபரணியில் குளிக்க அனுப்பலாமா? (வாசகர், சேரன்மகாதேவி)

அனுப்பக் கூடாது. இதில் எனக்கு இரண்டாவது அபிப்பிராயமே இல்லை.

நீச்சல் குளத்தில் ஆழம் தெரியும், தண்ணீர் நிற்கும். ஆற்றில் தண்ணீர் இழுக்கும், மணல் எடுத்த குழி காலடியில் இருக்கும், பாசி பிடித்த பாறை வழுக்கும். நேற்று முழங்கால் அளவு இருந்த இடம் இன்று இடுப்பளவு ஆகலாம், மேலே பாபநாசம் பக்கம் அணையிலிருந்து தண்ணீர் விடுவதைப் பொறுத்தது அது. வெயில் காலம்தானே என்று நம்ப முடியாது. பன்னிரண்டு வயதுப் பிள்ளை தலையில் மூன்று உயிரின் பொறுப்பை வைப்பதும் அநியாயம்.

ஆற்றுக்குப் போகட்டும், போகாவிட்டால் நம்ம ஊருக்கு வந்து என்ன பயன்? ஆனால் நீச்சல் தெரிந்த பெரியவர் ஒருவர் தண்ணீருக்குள் நிற்க வேண்டும், படித்துறையில் செல்போன் பார்த்துக்கொண்டு இருந்தால் கணக்கில்லை. கை எட்டும் தூரத்தில் இரண்டு பிள்ளைகளுக்கு மேல் வேண்டாம், மற்றவர்கள் படியில் உட்கார்ந்து முறைக்குக் காத்திருக்கட்டும். ஊர்க்காரர்கள் வழக்கமாகக் குளிக்கும் துறையை விட்டு வேறு எங்கும் போகாதீர்கள். பிள்ளைகளுக்கு ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்லிவையுங்கள்: யாராவது தத்தளித்தால் பின்னாலேயே குதிக்கக் கூடாது. கத்த வேண்டும், வேட்டியோ துண்டோ கயிறோ வீச வேண்டும், பெரியவர்களை அழைக்க வேண்டும், 108-ஐக் கூப்பிடச் சொல்ல வேண்டும். ஒருவரைக் காப்பாற்றக் குதித்து அடுத்தடுத்துப் போன பிள்ளைகளைப் பற்றி ஒவ்வொரு கோடையிலும் செய்தி படிக்கிறோம். எனக்கு அதைப் படிக்கவே தாங்கவில்லை.

கேள்வி: மாமியார், மகன் வீட்டுப் பேரனுக்கு 500 ரூபாய் கொடுத்துவிட்டு, மகள் வயிற்றுப் பேத்திக்கு 100 கொடுக்கிறார். என் நாத்தனார் மகள் அதைப் பார்த்துவிட்டு முகம் வாடி நின்றாள். அந்தப் பேரன் என் பிள்ளைதான். நான் தலையிடலாமா? (வாசகி, மதுரை)

உங்கள் பிள்ளைக்குக் கூடுதலாகக் கிடைக்கிற இடத்தில் நீங்கள் பேச நினைக்கிறீர்கள். அதனால்தான் உங்கள் பேச்சுக்கு மதிப்பு இருக்கும், தாராளமாகப் பேசுங்கள். "அத்தை, இந்தத் தடவை எல்லாருக்கும் ஒரே மாதிரி கொடுத்துவிடுங்கள், ஆளுக்கு நூறு போதும்" என்று, நோட்டை மாற்றியும் கையில் வைத்துவிடுங்கள். பிள்ளைகள் இல்லாத நேரத்தில் சொல்லுங்கள். பணத்தில் மட்டும் நின்றுவிடாது இது. மீன் துண்டு யாருக்கு முதலில், ஃபேனுக்குக் கீழே யார் படுப்பது, யாரை வேலைக்கு எழுப்புவது, எல்லாவற்றையும் பிள்ளைகள் அளந்துகொண்டே இருக்கிறார்கள். பெண் பிள்ளைகள் கூடுதலாக அளப்பார்கள், அவர்களுக்குத்தான் குறைகிறது. ஆச்சி வீட்டில் தான் இரண்டாம்பட்சம் என்று ஒரு பேத்தி நினைத்துவிட்டால், அந்த அண்ணன் தம்பி மேலேயே அவளுக்கு ஒட்டுதல் வராது.

கேள்வி: அண்ணன் மகனுக்கு 7 வயது. இன்னும் சில நாள் ராத்திரி படுக்கையை நனைத்துவிடுகிறான். மற்ற பிள்ளைகளோடு வரிசையாகப் படுக்கப் போகிறான், கேலி செய்வார்களோ என்று இருக்கிறது. (வாசகி, கோவை)

அந்த வயதில் இது நிறையப் பிள்ளைகளுக்கு இருக்கிறது, வளர வளரப் போய்விடும். திட்டினால் போகாது. வரிசையின் ஓரத்தில், உங்கள் பக்கத்தில் படுக்க வையுங்கள். விரிப்புக்கு அடியில் ரப்பர் ஷீட், தலைமாட்டில் மாற்று நிக்கர். பகலில் நன்றாகத் தண்ணீர் குடிக்கட்டும், ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பின் குறைத்துக்கொள்ளலாம். படுக்குமுன் ஒரு தடவை, நீங்கள் படுக்கப் போகும்போது எழுப்பி ஒரு தடவை. நனைந்துவிட்டால் விடியுமுன் விரிப்பை நனைத்துக் காயப்போட்டுவிடுங்கள், யாரிடமும் சொல்ல வேண்டாம். ஆனால் மாதக்கணக்கில் சரியாக இருந்த பிள்ளைக்குத் திடீரென்று ஆரம்பித்தாலோ, எரிச்சல் இருந்தாலோ, அடங்காத தாகம் இருந்தாலோ டாக்டரிடம் காட்டிவிட வேண்டும்.

கேள்வி: ஆச்சி, எனக்கு 9 வயது. ஊரில் கிரிக்கெட் விளையாடும்போது பெரியம்மா பையன் எனக்கு பேட்டிங்கே தர மாட்டேன் என்கிறான். பந்து பொறுக்க மட்டும் கூப்பிடுகிறான். பெரியவர்களிடம் சொன்னால் கோள்மூட்டி என்கிறான். (பெங்களூரு)

ராசா, ஆட்டம் தொடங்கின பிறகு கேட்டால் கிடைக்காது. தொடங்குமுன் கேள். எத்தனை பேரோ அத்தனை கோடு மண்ணில் போடு, ஒவ்வொரு கோட்டின் நுனியிலும் ஒரு நம்பர் எழுது, நம்பரை மட்டும் பேட்டால் மூடு. கோடு போட்டவனைத் தவிர மற்றவர்கள் முதலில் ஆளுக்கொரு கோட்டைத் தொடட்டும், மிச்சம் இருப்பது உனக்கு. பேட்டை எடுத்தால் யார் எப்போது ஆடுவது என்பது தெரிந்துவிடும். உங்கள் அண்ணனுக்கும் இந்த வழக்கம் தெரிந்திருக்கும், மாட்டேன் என்று சொல்ல முடியாது. நீ சின்னவன் என்பதால் உனக்கு முதல் பந்தில் அவுட் கிடையாது என்றும் அப்போதே பேசிவிடு. அப்புறம், உன் முறை முடிந்ததும் கோபித்துக்கொண்டு வீட்டுக்குள் போகாமல் ஃபீல்டிங் நில்.